மௌனம் என்று நினைத்த ஐந்து நாட்கள்

குரு பேசாமல் இருந்தால் சீடனுக்கு வாய் நீளும். கீழைக்குறிச்சி மடத்தில் நடந்தது அதுதான்.

ஆற்றங்கரையில் இருந்த சின்ன மடம் அது. பெரிய ஆதீனங்களைப் போல யானையும் இல்லை, பல்லக்கும் இல்லை. ஒரு கூடம், ஒரு பூசை அறை, ஒரு சமையற்கட்டு, கொல்லையில் நாலு மாடு. மடத்தின் தலைவர் நீலகண்ட அடிகள். எண்பத்து மூன்று வயது. ஊரார் அவரைச் சாமி என்பார்கள். அவருக்கு அடுத்தபடியாக இருந்தவர் சபாரத்தினம். ஐம்பத்தைந்து வயது. கல்லூரியில் தமிழ் நடத்தியவர். மனைவி இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு வந்து சீடரானவர். சித்தாந்த நூல்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால்தான் வசமாக மாட்டிக்கொண்டார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறையாவது சாமி மௌனத்தில் இருப்பார். மௌனத்தின் நடுவே தப்பித் தவறி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால், அது வாக்கு. சீடர் அதை ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏடு என்றதும் பனையோலையை நினைக்க வேண்டாம். நீல அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டுதான். எழுதியதை வாசலில் இருக்கும் கரும்பலகையிலும் எழுதி, கீழே பொருளும் எழுத வேண்டும்.

பொருள் எழுதுவது சபாரத்தினத்தின் வேலை. அந்த வேலையில் அவருக்கு இருந்த ருசி பால்பாயசத்தில்கூட இல்லை. அடுத்த மௌனம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பார். சாமியின் மௌனத்தைச் சாமியைவிட அவர்தான் அதிகம் விரும்பினார் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஆனி மாதக் குருபூசை வெள்ளிக்கிழமை. அந்த வாரத் திங்கட்கிழமை, சாமி விடியற்காலைக் குளியலுக்கு எழுந்திருக்கவில்லை.

மழையானாலும் பனியானாலும் கோழி கூவுவதற்கு முன்னால் ஆற்றில் இறங்குகிறவர் அவர். நாற்பது வருடத்துப் பழக்கம். அன்று எட்டு மணிக்கும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சபாரத்தினம் தோளைத் தொட்டு எழுப்பினார். சாமி கண்ணைத் திறந்து பார்த்தார். மறுபடியும் மூடிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

சபாரத்தினத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நேரே சமையற்கட்டுக்குப் போனார்.

"மௌனம் ஆரம்பிச்சுட்டாங்க. குருபூசை வாரத்துல மௌனம். என்ன பொருத்தம் பாரு!"

அங்கே இருந்தது செங்கமலம். மடத்தைக் கூட்டி, துணி துவைத்து, பாத்திரம் தேய்த்து, மாட்டையும் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்கும் அறுபது வயது ஆகிறது. அதில் பாதி வயது இந்த மடத்தில் கழிந்திருக்கிறது.

"சொல்லாம ஆரம்பிக்க மாட்டாங்களேய்யா," என்றாள். "மொத நாளே சொல்லிடுவாங்க. 'செங்கமலம், நாளையிலேர்ந்து பேசமாட்டேன், தொவையலுக்கு உப்ப நீயே பாத்துப் போட்டுக்க'ன்னு."

"எல்லா மௌனமும் ஒரே மாதிரியா இருக்கும்?" என்றார் சபாரத்தினம்.

செவ்வாய்க்கிழமை சாமி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். துறவியாக இருந்தாலும் சாப்பாட்டில் குறை வைக்காத மனிதர் அவர். வத்தக்குழம்பு என்றால் இரண்டாம் முறை கேட்டு வாங்குவார். அன்று மோர் கொடுத்தபோது அதுவும் கடைவாயில் வழிந்தது. சபாரத்தினம் துடைத்துவிட்டார். உணவையும் துறந்துவிட்டார் என்று மனத்துக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

அன்று பிற்பகல் பூசை அறைக்குப் போகும்போது சாமிக்குக் கால் மடங்கியது. தூணைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். தரிசனத்துக்கு வந்திருந்த இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பரவசம்," என்றார் ஒருவர்.

"ஆமாம், பரவசம்," என்றார் சபாரத்தினம்.

ஆனால் அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. சாமியைத் தூக்கிப் படுக்க வைத்தபின் எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தார். நெற்றியில் புறங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லை என்றால் நோய் இல்லை என்பது நம் எல்லோருக்கும் உள்ள கணக்குதானே. அதோடு அவர் மனம் அடங்கிவிட்டது.

புதன்கிழமை நண்பகலில் சாமி பேசினார்.

கூரையைப் பார்த்தபடி, சின்னக் குரலில், "அம்மா, கன்னுக்குட்டிய அவுத்து விடும்மா. கத்துது பாரு," என்றார்.

சபாரத்தினம் ஏட்டை எடுக்க ஓடிய ஓட்டத்தில் வாசற்படியில் கால் இடித்துக்கொண்டார். வலி தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். ஒரு மணி நேரத்துக்கெல்லாம் வாசல் கரும்பலகையில் வாக்கு ஏறிவிட்டது. கன்றை அவிழ்த்து விடு. கீழே பொருள்: கன்று என்பது உயிர். கயிறு என்பது பாசம். அம்மா என்றது அருட்சத்தியை. கத்துவது பிறவித் துன்பம். பலகை போதாமல் சுவரில் ஒரு தாளை ஒட்டி மீதியை எழுதினார்.

வந்தவர்கள் எல்லாம் செல்போனில் படம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அது ஊர் ஊராகப் போய்விட்டது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு அழுதார். பக்கத்து ஊர் ரைஸ்மில்காரர் தன் கொட்டிலில் இருந்த கன்றுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டார். அன்றைக்கு அவர் வீட்டில் காப்பிக்குப் பால் இல்லை. அவருக்கு அதுவும் ஆனந்தமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை இரண்டு வாக்குகள். "ரயிலு போயிடுச்சா?" என்று ஒன்று. "செவுத்துல இவ்வளவு பூச்சிய யாரு விட்டது?" என்று இன்னொன்று. சுவரில் பூச்சி எதுவும் இல்லை. அதுதான் சபாரத்தினத்துக்கு மெய்சிலிர்த்தது. இல்லாததைப் பார்க்கும் கண்ணை அவர் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்தார்.

அவர் பொருள் எழுதிக்கொண்டிருந்தபோது செங்கமலம் வந்து நின்றாள். கையில் சாமியின் வேட்டி.

"ஐயா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"சாமி வேட்டியில வாடை ஒரு மாதிரியா அடிக்குது. ரெண்டு நாளா ஒண்ணுக்குச் சரியாப் போகல. போனாலும் செவுத்தப் புடிச்சுக்கிட்டுப் பல்லக் கடிக்கிறாங்க. இப்ப என்னையப் பாத்து, 'நீ யாரு'ன்னு கேட்டாங்க."

சபாரத்தினம் முகத்தைச் சுளித்தார். பாசத்தையும் பதியையும் எழுதிக்கொண்டிருந்தவரிடம் வந்து வேட்டி வாடையைப் பேசுகிறாளே என்று இருந்தது அவருக்கு.

"பற்று அறுந்துபோனா யாரையும் தெரியாதும்மா. அது உயர்ந்த நிலை. உனக்குப் புரியாது."

"மாடு அசை போடறத நிறுத்திட்டா நாம வைத்தியரக் கூப்பிடறோமேய்யா."

"குருவையும் மாட்டையும் ஒண்ணா வெச்சுப் பேசறியா?"

அவர் போட்ட அதட்டலில் கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செங்கமலம் வேட்டியோடு கொல்லைக்குப் போனாள். அவள் கல்லில் துணி அடித்த சத்தம் கொஞ்ச நேரம் பலமாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை குருபூசை. வாசலிலிருந்து ஆற்றுப்படித்துறை வரை வரிசை நின்றது. சாமியைக் குளிப்பாட்டி, நீறு பூசி, பீடத்தில் உட்கார வைத்தார்கள். தானாக உட்கார முடியவில்லை. இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, பின்னால் ஒரு ஆள் மறைந்து நின்று தாங்கிக்கொண்டான். கழுத்து மறைய மாலைகள். சபாரத்தினம் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விபூதி கொடுத்தார். மௌனத்தின் ஐந்தாம் நாள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த களையைப் பார்த்தவர்கள், குரு யார், சீடர் யார் என்று ஒரு கணம் தடுமாறியிருப்பார்கள்.

வரிசையில் வேதவல்லி என்று ஒருத்தி வந்தாள். பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். குனிந்து சாமியின் கால்களைத் தொட்டவள் எழுந்திருக்கவில்லை.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சபாரத்தினம் கையமர்த்தினார். பக்தி பெருகி அழுகிறாள் என்று நினைத்தார். அவளோ சாமியின் கால் கட்டைவிரலை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, சாமியின் வயிற்றையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. மந்திரம் சொல்கிறாள் போலும் என்று இருந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்காங்க?" என்றாள்.

"மௌனம் இன்னைக்கு ஐந்தாம் நாள்."

"மௌனத்தக் கேக்கலைங்கய்யா. காலு ஐஸா இருக்கு. முட்டி வரைக்கும் திட்டுத் திட்டா நீலம் ஏறியிருக்கு. நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு மூச்சு ஓடுது." அவள் சாமியின் காதருகே குனிந்தாள். "சாமி, சாமி, உங்க பேர் என்ன சொல்லுங்க?"

சாமியின் கண் பாதி திறந்தது. பதில் வரவில்லை.

"காய்ச்சல் இல்லையேம்மா. தினம் தொட்டுப் பாக்கறேன்."

"அதாங்கய்யா எனக்குப் பயமா இருக்கு."

அவள் போனை எடுத்து 108-ஐக் கூப்பிட்டாள். வண்டி வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். எதிரே காரில் வந்திருந்த ஒருவரிடம், "நீங்க காரை வாசலுக்குக் கொண்டாங்க," என்றாள்.

அப்போது சபாரத்தினம் ஒன்று சொன்னார். "தீபாராதனை ஒண்ணுதான்மா பாக்கி. அரை மணி நேரம். இவ்வளவு ஜனம் காத்திருக்கு. அது முடியட்டுமே."

இதை வேறு யாரும் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார். பிற்பாடு எத்தனையோ முறை அந்த வார்த்தைகளை யார் வாயிலாவது மாற்றி வைக்க முடியுமா என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். முடியவில்லை.

வேதவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அரை மணி நேரம் அவங்ககிட்ட இருக்கான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

செங்கமலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. சாமியின் கழுத்திலிருந்து மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பீடத்தில் வைத்தாள். பிறகு தோளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினாள்.

டவுன் ஆசுபத்திரியில் சாமியை உள்ளே கொண்டுபோய் ஊசியும் சலைனும் போட்டபின் டாக்டர் வெளியே வந்தார். சபாரத்தினம் எழுந்து நின்றார். கையில் ஏடு இருந்தது. அவசரத்தில் அதை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாரு?"

சபாரத்தினத்துக்குத் தெரியவில்லை.

"தண்ணி எவ்வளவு குடிச்சாரு, நேத்து?"

தெரியவில்லை. கை தன்னையறியாமல் ஏட்டைப் புரட்டியது. அதில் ரயில் இருந்தது, பூச்சி இருந்தது, பாசம் இருந்தது. தண்ணீர் இல்லை.

பின்னாலிருந்து செங்கமலம் சொன்னாள். "நேத்துக் காலையில ஒரு தடவ போனாங்க டாக்டர். அரை டம்ளர்கூட இருக்காது. கலங்கலா இருந்துச்சு. திங்கக்கிழமையிலேர்ந்தே எரிச்சல் போலருக்கு, பல்லக் கடிச்சாங்க. தண்ணி ரெண்டு மொடக்குதான். செவ்வாக்கிழம விழுந்துட்டாங்க. நேத்து என்னைய அடையாளம் தெரியல."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். மேற்கொண்டு கேட்டதையெல்லாம் அவளிடமே கேட்டார்.

"மூத்திரத்துல கிருமி. ரத்தத்துல ஏறிடுச்சு. பிரஷர் ரொம்பக் கீழ போயிருக்கு. ரெண்டு நாள் தாண்டினாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

"காய்ச்சலே இல்லையே டாக்டர்," என்றார் சபாரத்தினம். மறுபடியும் அதையேதான் சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது.

"இந்த வயசுல உடம்பு கொதிக்கணும்னு அவசியம் இல்லைங்க. புத்தி தடுமாறும். ஓயாம தூங்குவாங்க. சோறு எறங்காது, காலு நிக்காது. இல்லாதது கண்ணுக்குத் தெரியும். நேத்து வரைக்கும் இருந்த ஆளு இன்னைக்கு வேற ஆளா மாறிட்டா, அதையே காய்ச்சல்னு எடுத்துக்கணும். முதல் நாளே கொண்டாந்திருந்தா மாத்திரையோட போயிருக்கும்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரா எதுவும் சொல்லலையா? முடியலன்னு, கிடியலன்னு?"

சபாரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். "மௌனத்துல இருந்தாங்க."

"கூட இருந்தது யாரு?"

"நான்தான்."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"சீடன்."

அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவருக்கு நாக்கு கூசியது. முப்பது வருடம் மேடை ஏறிப் பேசியவர். ஒரு சொல்லைச் சொல்ல அப்படிக் கூசியதே இல்லை. நின்ற இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

இரண்டு நாளும் ஆசுபத்திரி நடையில் கிடந்தார். சாமி பிழைப்பாரா என்று ஒவ்வொரு நர்ஸின் முகத்தையும் பார்த்தார். ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ரைஸ்மில்காரர் வந்து, "அந்தக் கன்னு வாக்குக்கு நீங்க எழுதின பொருள் இருக்கே, என் கண்ணத் தொறந்துடுச்சுங்க," என்று காலில் விழப் போனார். சபாரத்தினம் பாம்பை மிதித்தவர் மாதிரி காலை இழுத்துக்கொண்டார்.

"எழுந்திருங்க. அதுல ஒண்ணும் இல்ல," என்றார்.

"இந்த அடக்கம் யாருக்கு வரும்!" என்றார் ரைஸ்மில்காரர்.

அடிப்பது வேறு, இப்படிப் புகழ்ந்து அடிப்பது வேறு. அன்று மத்தியானமே சபாரத்தினம் பஸ் ஏறி மடத்துக்குப் போனார். கரும்பலகையைத் தன் மேல்துண்டால் துடைத்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார். பசை போட்ட இடம் மட்டும் போகவில்லை. தண்ணீர் தொட்டு நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் சாமி கண் விழித்து, "செங்கமலம் எங்கே?" என்று கேட்டார். பதினான்காம் நாள் மடத்துக்குத் திரும்பினார்.

பாதி ஆளாகிவிட்டிருந்தார். நடக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். கையில் கஞ்சிக் கிண்ணம். ஓரத்தில் செங்கமலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சபாரத்தினம் உள்ளறையிலிருந்து பையோடு வந்தார். வந்தபோது கொண்டுவந்த அதே நாலு வேட்டியும் புத்தகங்களும். சாமியின் காலில் விழுந்தார். கால் வெதுவெதுப்பாக இருந்தது. அதைத் தொட்டதும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எங்க கெளம்பிட்ட, வாத்தியாரே?"

"எனக்கு இங்க இருக்கத் தகுதி இல்லைங்க சாமி."

"தகுதிய அப்பறம் பாப்போம். பை கனமா இருக்கு பாரு, கீழ வை."

பையைக் கீழே வைத்தார். நின்றுகொண்டே இருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன் சாமி. இத்தனை வருஷம் படிச்சேன். படிச்சதச் சொல்லியும் குடுத்தேன். மௌனம் எது, நோய் எதுன்னு எனக்குத் தெரியாமப் போயிடுச்சு. எப்படிச் சாமி தெரிஞ்சுக்கறது?"

சாமி ஒரு வாய் கஞ்சி குடித்தார். மெதுவாக விழுங்கினார்.

"ஏடு இருக்கா?"

"இருக்குங்க."

"எடுத்து வாசி. எனக்கு அந்த அஞ்சு நாள்ல ஒண்ணும் ஞாபகம் இல்ல. நான் என்னதான் பேசினேன்னு கேப்போம்."

"வேண்டாம் சாமி."

"வாசிப்பா."

சபாரத்தினம் பையிலிருந்து நீல நோட்டை எடுத்தார். கல்லூரியில் ஐந்நூறு பேருக்கு ஒலிபெருக்கி இல்லாமல் கேட்கும் குரல் அவருடையது. இப்போது ஓரத்தில் இருந்த செங்கமலத்துக்கே பாதிதான் கேட்டது.

"கன்னுக்குட்டிய அவுத்து விடும்மா. கத்துது பாரு."

"பொருளையும் வாசி."

வாசித்தார். உயிர், பாசம், அருட்சத்தி, பிறவித் துன்பம். காது மடல் சுட்டது. சாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க," என்றார். "அது எங்க வீட்டுச் செவலக் கன்னு. எனக்கு அப்ப ஆறு வயசு. பால் கறந்து முடிச்சும் அம்மா அவுத்துவிட மறந்துடும். அது கத்திக்கிட்டே நிக்கும்."

"அவ்வளவுதாங்களா சாமி?"

"கன்னுக்குப் பசி. வேற என்ன?"

சபாரத்தினம் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ரயில் வாக்கை வாசித்தார். பூச்சி வாக்கை வாசித்தார். பூச்சி என்றது ஐம்புலன்களை.

"பூச்சி அஞ்சா இருந்துச்சு?" என்று கேட்டார் சாமி.

"தெரியாதுங்க. நான் அஞ்சுன்னு எழுதிட்டேன்."

செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சபாரத்தினத்துக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. கேட்கட்டும் என்று இருந்தது. கூடத்தில் ஊர் முழுக்க உட்கார்ந்து சிரித்திருந்தாலும் அவர் தடுத்திருக்க மாட்டார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சாமி."

"இவ்வளவுதான் பேசினேனா?"

சபாரத்தினம் ஏட்டை மூடினார். மூடிய அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அன்றைக்கு அந்த அறையில் வேறு யாரும் இல்லை. செங்கமலம் கொல்லையில் இருந்தாள். சாமிக்கோ ஞாபகம் இல்லை. டாக்டரிடம் மறைத்தது போலவே இங்கேயும் மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பையை எடுத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

"இல்ல சாமி," என்றார். "இன்னொண்ணு சொன்னீங்க. நான் அத எழுதல."

கீரை ஆய்கிற கை நின்றது.

"எப்போ?"

"புதன்கிழம மத்தியானம். கன்னுக்குட்டிக்கு அப்பறம். நான் பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தேன். நீங்க என் கையப் புடிச்சீங்க."

"என்ன சொன்னேன்?"

சபாரத்தினம் ஏட்டைக் கீழே வைத்தார்.

"'சபாரத்தினம், ஒடம்பு முடியலப்பா'ன்னு சொன்னீங்க."

"பேர் சொல்லியா?"

"பேர் சொல்லித்தாங்க."

"நீ என்ன செஞ்ச?"

"உங்க கைய எடுத்துப் பாயில வெச்சுட்டு, எழுதிக்கிட்டு இருந்ததை முடிச்சேன்."

கிண்ணத்தில் மிச்சமிருந்த கஞ்சியில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"அத ஏன் எழுதல?"

"அதுக்குப் பொருள் எழுத ஒண்ணும் இல்லைங்க சாமி."

சாமி கிண்ணத்தைக் கீழே வைத்தார். எலும்பும் தோலுமான கையை நீட்டிச் சபாரத்தினத்தின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மத்ததெல்லாம் நோவு பேசினது, சபாரத்தினம். அது ஒண்ணுதான்ப்பா நான் பேசினது."